வாசகர் கேள்வி – பதில்: குளிர்மலையில் இரண்டு ஏக்கர் வாங்கலாமா?

கேள்வி: தாப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு இ.பி.எஃப். பணம் வந்திருக்கிறது. மலேசியாவின் கேமரன்மலையில் ரிங்லெட் பக்கம், மண் சாலைக்கு உள்ளே, இரண்டு ஏக்கர் விலைக்கு வருகிறதாம். காய்கறி, கோழி, ஓடைத் தண்ணீர் எல்லாம் இருக்கும்போது நாங்கள் நான்கு பேரும் கடையை நம்பாமல் வாழலாம் என்கிறார். நிலத்தைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தாப்பா

பதில்: அம்மா, முதலில் காகிதத்தைப் பாருங்கள். மண்ணை அப்புறம் தொட்டுப் பார்க்கலாம். கேமரன்மலையில் காய்கறி போடும் நிலம் பல, டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில் தரப்பட்டவை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்த ஆண்டு முடிவோடு முடியும். புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதோடு சரி, பிள்ளைகளுக்கும் வராது. டி.ஓ.எல். நிலத்தை விற்கிறேன் என்று வருகிறவரிடம் விற்க எதுவுமே இல்லை. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கிரான் (நிலப் பட்டா) இருக்கிறது என்றால் விற்கிறவர் காட்டும் நகலை நம்பாமல் நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனும் அதிகாரபூர்வப் பதிவு நகலை எடுங்கள். அதில் 'ரிசாப் மெலாயு' (மலாய்க்காரருக்கு ஒதுக்கிய நிலம்) என்றிருந்தால் உங்கள் பேருக்கு மாறாது. 'செகாத்தான் கெபெந்திங்கான்' (உரிமைக் கட்டுப்பாடு) என்ற இடத்தில் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்தால், அது கிடைக்கும்வரை பணத்தைக் கையை விட்டு விடாதீர்கள். 'பஜாக்கான்' என்றால் குத்தகைக்காலம் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். நிலம் காட்டுகிறவர் மழைக்காலத்தில்தான் கூட்டிப் போவார், ஓடை நிறைய ஓடும். நீங்கள் பிப்ரவரியில் போங்கள். ஓடைக்குக் குறுக்கே மண்ணை அணைத்து, ஒரு தகரத்தை வாய்க்கால்போல் வளைத்து வைத்து, விழுகிற தண்ணீரை 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 200 விநாடியில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு 600 லிட்டர் போதும். மழையில்லாத நாளில் காய்கறிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 லிட்டர் வேண்டும். அரை ஏக்கருக்கு 8,000. ஆக அந்த ஓடை அரை ஏக்கருக்கு மட்டுமட்டு.

அளந்ததோடு நிற்காமல் ஓடையோடு மேலே நடந்து பாருங்கள். மேலே வேறொருவர் காய்கறித் தோட்டம் இருந்தால் அவர் அடிக்கும் மருந்தும் போடும் கோழி எருவும் உங்கள் குழாய்க்குத்தான் வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. அப்படிப்பட்ட நிலம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

சரிவை அளக்க 2 மீட்டர் நேர்க்கழியும் ரசமட்டமும் போதும். கழியின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரைக்கு 93 சென்டிமீட்டர் இருந்தால் சரிவு 25 பாகை. அதற்கு மேல் போனால் கொத்திப் பயிர் வைக்காதீர்கள். மேல்மண் ஒரு நவம்பர் மழைக்குத் தாங்காது. அப்படி அரித்துப் போன மண்தான் ரிங்லெட் அணைக்கட்டு ஏரியைத் தூர்த்தது. 2013 அக்டோபரில் அந்த அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் வேலியில் உயிர்களைக் கொண்டுபோனது. அணைக்குக் கீழே ஆற்றோரம் தட்டையான நிலம் கிடைத்தாலும் அங்கே வீடு கட்டாதீர்கள்.

கேள்வி: அங்கே எது விளையும், எது விளையாது? சோற்றைக் குறைத்துக் கிழங்கு சாப்பிடத் தயார்.

பதில்: 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை வெப்பம் குறையும். ரிங்லெட் சுமார் 1,200 மீட்டர் உயரம். தாப்பாவைவிட 7 பாகை குளிர்ச்சி. உறைபனி பயம் கிடையாது: நாட்டிலேயே மிகக் குறைவாகப் பதிவானது கேமரன்மலையில் 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 பாகைதான். செடி குளிரில் சாகாது, ஆனால் நம் சமையலுக்கு வேண்டியது பாதி வராது. தென்னையையும் நெல்லையும் முருங்கையையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். கறிவேப்பிலை குன்றிப்போய் நிற்கும். முட்டைக்கோஸ், பீன்ஸ், சௌசௌ, கேரட், உருளைக்கிழங்கு நன்றாக வரும்.

கிழங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 8,000 கலோரி. அதில் பாதி உருளையிலிருந்து வர வேண்டுமென்றால் தினம் 5 கிலோவுக்கு மேல், ஆண்டுக்கு 1,900 கிலோ. சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ விளைச்சல் என்று வைத்தால் 1,270 சதுர மீட்டர். ஒரே பாத்தியில் அடுத்தடுத்து உருளை போட்டால் நோய் மண்ணிலேயே தங்கிவிடும். பீன்ஸ், கோஸ் என்று மாற்றி மாற்றிப் போட மூன்று மடங்கு இடம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் வேண்டும். அப்போது வாளி 100 விநாடியில் நிரம்பியாக வேண்டும்.

உருளையை வீழ்த்துவது பனிமூட்டம். இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் கருகல் நோய் வந்துவிடும். காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பிளாஸ்டிக் கூரை, அகல இடைவெளி, வேரடியில் மட்டும் தண்ணீர் என்று இருந்தால் பெருமளவு தப்பலாம்.

வாங்குவதற்கு முன் அந்த நிலத்தில் நிற்கும் ஒரு கோஸ் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் விரல் விரலாக வீங்கியிருந்தால் அது 'கிளப்ரூட்' எனும் வேர்வீக்க நோய். வெயிலில் வாடி இரவில் தெளிகிற செடி இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்தக் கிருமி மண்ணில் பல ஆண்டு உயிரோடிருக்கும், அமில மண்ணில் கொழிக்கும். சுண்ணாம்பு போட்டுப் பி.எச். அளவை 7.2-க்கு ஏற்றினால் அடங்கும், ஒழியாது. விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.

கேள்வி: நாட்டுக்கோழி வளர்க்கலாமா? மின்சாரம்?

பதில்: வளர்ந்த கோழிக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. குஞ்சுக்குத்தான் முதல் வாரம் 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். வாரத்துக்கு 3 பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். எல்.இ.டி. பல்பு சூடு தராது, அதை நம்பாதீர்கள். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை, ஓரம் ஒதுங்கினால் அதிகம். ஆறு முட்டைக்கோழி மாதத்துக்கு 20 கிலோ தீவனம் தின்னும். அது கடையிலிருந்துதான் வரும்.

மதியத்துக்குமேல் மூட்டம் போடும் இடத்தில் சோலாரை மட்டும் நம்பாதீர்கள். விநாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம், இரண்டையும் பெருக்கி 5-ஆல் பெருக்கினால் ஓடை தரக்கூடிய வாட்ஸ் கிடைக்கும். 5 லிட்டரும் 20 மீட்டரும் இருந்தால் 500 வாட்ஸ். உங்கள் வாளி ஓடைக்கு இது எட்டாது.

கேள்வி: தாப்பா வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

பதில்: விற்காதீர்கள், அம்மா. தேங்காய், முருங்கை, மரவள்ளி, வாழை நான்கும் கீழே உங்கள் கொல்லையில் வருகின்றன; மேலே தேங்காயையும் முருங்கையையும் எதிர்பார்க்க முடியாது, மரவள்ளியும் வாழையும் மெதுவாகத்தான் வரும். மலை நிலம் காய்கறியைத் தரும், அரிசியையும் எண்ணெயையும் தராது. முதலில் பக்கத்திலேயே கால் ஏக்கர் வாடகைக்கு எடுத்து, ஒரு பிப்ரவரியும் ஒரு நவம்பரும் பயிர் போட்டுப் பாருங்கள். மழையில் மண் சாலையில் வண்டி ஏறுகிறதா, சாலை அடைபட்டால் தானா ராத்தா மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்பதும் அப்போது தெரிந்துவிடும். இரண்டு ஏக்கருக்கு விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.