சம்பளம் ஏறிவிட்டது, கார்டு வரம்பு ஏறவில்லை: வங்கியிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரே வங்கியின் கிரெடிட் கார்டைப் பயன்படுத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அன்று கொடுத்த 1 லட்சம் வரம்புதான் இன்றும் இருக்கிறது. சம்பளமோ இரண்டு மடங்காகிவிட்டது. மாதம் 80,000 வரை கார்டில் செலவாகிறது. பில் தொகையை எப்போதும் முழுதாகக் கட்டிவந்தேன். வீடு மாறிய செலவால் கடந்த இரண்டு மாதங்களாக மட்டும் 20,000 பாக்கி நிற்கிறது. வங்கியின் செயலியில் வரம்பை உயர்த்தக் கேட்டபோது, ‘தற்போது தகுதி இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. மனம் நொந்துவிட்டது. மீண்டும் கேட்கலாமா? கேட்டால் கிரெடிட் ஸ்கோர் குறையுமா? ஆறேழு மாதங்களில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: அந்த ஒரு வரியை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செயலி வழியாகப் போகும் இத்தகைய கோரிக்கைகளைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. தன்னிடம் உள்ள விவரங்களை வைத்து வங்கியின் கணினியே சில நொடிகளில் முடிவு சொல்லிவிடுகிறது. அதனிடம் உங்களைப் பற்றி என்ன விவரம் இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

செயலியில் உங்கள் சொந்த விவரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து, ஆண்டு வருமானம் என்ற கட்டத்தைத் தேடுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய தொகையே அங்கே இன்னும் இருக்கக்கூடும். சம்பளக் கணக்கு வேறு வங்கியில் இருந்தால், உங்கள் சம்பளம் உயர்ந்த செய்தி இந்த வங்கிக்கு எட்டியிருக்க வழியே இல்லை. பழைய வருமானம், வரம்பில் ஐந்தில் நான்கு பங்கு செலவு, இரண்டு மாதப் பாக்கி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கணினிக்கு நீங்கள் பண நெருக்கடியில் இருப்பவராகத்தான் தெரிவீர்கள்.

மீண்டும் கேட்கலாம். ஆனால் நாளைக்கே வேண்டாம். முதலில் அந்த 20,000-ஐத் தீருங்கள்.

சின்னப் பாக்கிதானே என்று நினைத்திருப்பீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அது 42 சதவீதம். 20,000-க்கு மாதம் 700 என்பது கணக்கு. ஆனால் பாக்கி நிற்கும் மாதத்தில் பல கார்டுகளில் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். அதாவது நீங்கள் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். மாதம் முழுவதும் சீராக 80,000 செலவழிப்பவருக்குச் சராசரியாக 40,000 அந்த மாதம் நெடுகிலும் நிலுவையில் நிற்கிறது. அதற்கு வட்டி 1,400. பழைய பாக்கியின் 700-ஐயும் சேர்த்தால் 2,100. பில் வந்த பிறகு நீங்கள் பணம் கட்டும் நாள் வரை ஓடும் வட்டி இதற்கும் மேல். 20,000 பாக்கிக்குக் கொடுக்கும் விலையா இது? வைப்புநிதியை முறித்தாவது இந்த வாரமே கட்டிவிடுங்கள். எந்த வைப்புநிதியும் 42 சதவீதம் தருவதில்லை. அடுத்த பில்லில் வட்டி என்று ஒரு சிறு தொகை மீண்டும் எட்டிப்பார்க்கலாம். அது கடைசி பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி. அதையும் கட்டி, பாக்கி சுழியம் என்று காட்டும் பில்லைக் கண்ணால் பார்த்த பிறகே நிம்மதி அடையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாக்கியைத் தள்ளிக்கொண்டே போவதற்கு இடம் வேண்டும் என்று வரம்பு கேட்பவர்களிடம், கேட்காதீர்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன். நல்ல குடும்பங்கள் தலைதூக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான். பல நாட்டுச் சட்டங்களும் இந்தக் கவலையோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. வரம்பை உயர்த்துவதற்கு முன் வாடிக்கையாளரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று வங்கி பார்த்தாக வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்திரேலியாவில் வாடிக்கையாளர் கேட்காதபோது வங்கி தானாக வரம்பு உயர்வை நீட்டுவதற்கு 2018 முதல் தடை. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரம்பை ஏற்றக் கூடாது.

உங்கள் நிலை வேறு. நீங்கள் அடிப்படையில் முழுதாகக் கட்டுபவர். உங்களுக்கு உயர்வு நன்மைதான் செய்யும், முக்கியமாக கிரெடிட் ஸ்கோருக்கு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு. வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது ஸ்கோரில் பெரிய எடை உள்ள விஷயம். அமெரிக்காவில் பெரிதும் புழங்கும் ஃபைகோ ஸ்கோரில், ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதமும் நிலுவைத் தொகைகளுக்கு 30 சதவீதமும் எடை. மற்ற நாட்டு ஸ்கோர்களில் விகிதம் மாறலாம், போக்கு இதுதான். 1 லட்சத்தில் 80,000 என்றால் 80 சதவீதப் பயன்பாடு. வரம்பு 2.5 லட்சம் ஆனால் அதே செலவு 32 சதவீதம்.

பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பொதுவாக, நம் கடன் விவரங்களைத் திரட்டி ஸ்கோர் போடும் கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்குப் போவது பில் தயாராகும் நாளில் உள்ள நிலுவை. நீங்கள் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டினாலும், அதற்கு முன்பே 80,000 என்ற எண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே பில் தயாராவதற்கு மூன்று, நான்கு நாட்கள் முன்னதாகவே 50,000-ஐக் கட்டிவிடுங்கள். பில்லில் 30,000 மட்டும் நிற்கும். பயன்பாடு 30 சதவீதம். வங்கியிடம் எதையும் கேட்காமலே, வரம்பு 2.5 லட்சம் ஆனால் கிடைக்கும் பலன் கிடைத்துவிடும். வீட்டுக் கடனுக்கு முந்தைய மாதங்களில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

கேட்டால் ஸ்கோர் குறையுமா என்றால், வங்கி எப்படி விசாரிக்கிறது என்பதைப் பொறுத்தது. வங்கி தானே முன்வந்து தரும் உயர்வுக்கு வழக்கமாக ஸ்கோரில் கீறல் விழாது. நீங்கள் கேட்கும்போது சில வங்கிகள் கடன் விண்ணப்பத்துக்குச் செய்வதுபோல் உங்கள் முழு கிரெடிட் அறிக்கையை வரவழைக்கும். அப்படி வரவழைத்ததும் அறிக்கையில் பதிவாகும். ஹார்டு என்கொயரி எனப்படும் அந்தப் பதிவால் ஸ்கோர் சில புள்ளிகள் இறங்கலாம். அது தற்காலிகமானதுதான். ஆனாலும் வீட்டுக் கடனுக்கு முந்தைய மூன்று மாதங்களில் அப்படி ஒரு பதிவு வேண்டாம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் அழைத்து, ‘இந்தக் கோரிக்கைக்காக என் கிரெடிட் அறிக்கையில் என்கொயரி பதிவாகுமா?’ என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லவே அவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக் கடன் தரப்போகும் வங்கியிடமும் ஒன்றைக் கேட்டுவையுங்கள். கார்டில் உள்ள நிலுவையை மட்டும் கணக்கில் எடுப்பார்களா, முழு வரம்பையுமா? ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன் தருபவர்கள், நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் முழு வரம்பையும் கடன் சுமையாகவே பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய வரம்பு கடன் தொகையைக் குறைத்துவிடும். முழு வரம்பும் கணக்கில் வரும் என்று பதில் வந்தால், வீட்டுக் கடன் கைக்கு வந்த பிறகே கார்டு வரம்பைக் கேளுங்கள்.

இல்லையென்றால் என் யோசனை இது. இந்த வாரம் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். அதோடு வருமான விவரத்தைப் புதுப்பித்து, அண்மைய சம்பளச் சீட்டுகளையும் வருமான வரிக் கணக்கையும் ஏற்றிவிடுங்கள். இரண்டு பில்களை முழுதாகக் கட்டிய பிறகு, மூன்றாம் மாதத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். நீளமான கடிதம் தேவையில்லை:

‘நான்கு ஆண்டுகளாகத் தங்கள் வாடிக்கையாளர். கார்டு வழங்கப்பட்டபோது இருந்ததைப்போல் என் வருமானம் இப்போது இரண்டு மடங்கு, சான்றுகளை இணைத்துள்ளேன். மாதம் சுமார் 80,000 செலவழித்துத் திருப்பிக் கட்டிவருகிறேன். வரம்பை 2.5 லட்சமாக உயர்த்திட வேண்டுகிறேன்.’

தொகையைக் குறிப்பிட்டே கேளுங்கள். ‘முடிந்த அளவு’ என்று விட்டுவிட்டால் முடிவு அவர்கள் கையில் போய்விடும். வங்கி 5 லட்சம் தருகிறேன் என்றாலும், தேவையானதை மட்டும் ஏற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உயர்வு வந்தவுடன் ரொக்கம் எடுக்கும் வரம்பையும் பாருங்கள். அதுவும் கூடவே ஏறியிருக்கலாம். கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலமே பொதுவாகக் கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு. செயலியில் அதைச் சுழியமாக்க வழி இருந்தால் ஆக்கிவிடுங்கள்.

உயர்ந்த வரம்பை அவசரத் தேவைக்கான சேமிப்பாக எண்ணிவிடாதீர்கள். 2008 நிதி நெருக்கடியின்போது அமெரிக்க வங்கிகள் ஒழுங்காகக் கட்டிவந்தவர்களின் வரம்பையும் வெட்டின. நமக்குப் பணம் அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் வங்கிகளும் கையைச் சுருக்குகின்றன. ஆறு மாதச் செலவுக்கான பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்கட்டும்.

இரண்டாம் முறையும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். என்றோ அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்பது போன்ற பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கோபத்தில் வேறு இரண்டு, மூன்று வங்கிகளில் புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அந்த என்கொயரிகள் அத்தனையும் வீட்டுக் கடன் அதிகாரியின் மேசையில் இருக்கும் அறிக்கையில் வரிசையாகத் தெரியும்.