பதில்: ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விளையாடினால் ரூலெட் போனஸ் (விளையாட்டே குழு சேர்த்து அனுப்பும் சவாலை முடித்தால் நாளுக்கு ஒருமுறை கிடைப்பது) பாதி போகுமா?

போகாது. இரவு ஏழேமுக்காலுக்கு உட்கார்ந்து, 8:30-க்கு முன் ஒரு ரூலெட்டை முடியுங்கள், 8:30 தாண்டிய பிறகு அதையே இன்னொரு தடவை. இரண்டு நாள் போனஸும் ஒரே இரவில் கிடைத்துவிடும்.

நள்ளிரவில்தான் நாள் மாறும் என்று நினைத்திருப்பீர்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் அது மாறுவது உலக நேரம் 15:00-க்கு, நமக்கு இரவு 8:30. நானும் கல்முனையில் வேலை முடிந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு தீத்திவிட்டு இப்படித்தான் விளையாடுகிறேன்.

இன்றைக்கே பாருங்கள்: 8:30 தாண்டியதும் ரூலெட் பட்டியலில் போனஸ் திரும்ப வந்திருக்கும். டேங்க் (குழுவுக்காக அடி தாங்குபவர்) அல்லது ஹீலர் (குணப்படுத்துபவர்) எடுத்தால் காத்திருப்பும் பெரும்பாலும் குறைவு.

ஒன்று மட்டும். பிள்ளை நித்திரையாகாமல் இரண்டாவதைத் தொடங்காதீர்கள். பாதியில் விலகினால் 30 நிமிடத்துக்கு வேறு எதிலும் சேர முடியாது, கூட இருப்பவர்களும் பாவம்.