நோயாளிப் பூனைக்குட்டி: முதலில் சூடு, பிறகுதான் பால்

மழையில் நனைந்து கிடந்த குட்டி. ரெண்டு வாரம் இருக்கும். உடம்பு சில்லுன்னு இருக்கு, பால் ஊத்தினா வாயோரமா வழியுது. என்ன செய்ய?

பாலை உடனே நிறுத்துங்கள். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குடல் அசைவு நின்றுவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் கெட்டுப்போகும். இல்லையென்றால் புரையேறி நுரையீரலில் இறங்கும். கண்டெடுத்த குட்டிகள் பல சாவது பசியால் அல்ல, இந்த அவசரப் பாலால்தான்.

ஈரத்தை ஒற்றியெடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். குட்டியால் நகர முடியாது என்பதால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் மெதுவாகச் சூடேறினால் போதும். ஹேர் டிரையரை நேராகக் காட்டினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். இதற்கிடையில் குளுக்கோஸ் கரைசலை ஒரு சொட்டு விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். விழுங்காவிட்டாலும் பரவாயில்லை. டாக்டருக்கும் அப்போதே போன் போடுங்கள். சூடு 36-ஐத் தாண்டி, வாயில் வைத்த விரலைச் சப்பினால்தான் பால்.

பசும்பாலில் தண்ணி கலந்து கொடுக்கலாமா? எவ்வளவு?

கூடாது. பூனைப்பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதம் ஏறக்குறைய பாதிதான். தண்ணீர் கலந்தால் அதுவும் போச்சு, பேதி வேறு. பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் விற்கிறது. குட்டியின் 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் வயிறு தாங்காது. நோஞ்சானுக்குப் பாதியில் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொடுங்கள். குப்புறப் படுத்த நிலையிலேயே 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. கைக்குழந்தை மாதிரி மல்லாத்தினால் புரையேறும். மூக்கில் பால் வந்தால் நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் வாலடியில் வருடினால்தான் சிறுநீர் போகும். அது அடர்மஞ்சளாக இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. டிஜிட்டல் சமையல் தராசில் தினமும் எடை பாருங்கள்: நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

உடம்பெல்லாம் தெள்ளு, ஈறு வெளுத்திருக்கு. நாய்க்குப் போடும் பவுடர் இருக்கு...

தொடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புதான் நல்லது. முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள், இல்லையென்றால் எல்லாம் முகத்துக்கு ஏறும். அலசித் துவட்டி, பேன்சீப்பால் வாருங்கள். உடம்பு சில்லென்றிருந்தால் குளிப்பாட்டாமல் சீப்பு மட்டும். வெளுத்த ஈறு என்றால் ரத்தசோகை, ரத்தமே ஏற்ற வேண்டி வரலாம். அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

ஆறு வாரக் குட்டி. சளி, கண்ணில் பீளை, சாப்பிடவே மாட்டேங்குது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு?

ஒரு சொட்டுகூட வேண்டாம். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும்.

மூக்கடைத்தால் வாசம் தெரியாது, வாசம் தெரியாத பூனை சாப்பிடாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் குட்டியோடு 10 நிமிடம் உட்காருங்கள். பிறகு உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழியை மசித்து வெதுவெதுப்பாக வையுங்கள். கண்ணுக்குக் கொதித்து ஆறிய நீர், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. வீட்டில் கிடக்கும் பழைய கண் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால், கருவிழிப் புண் பெரிதாகிக் கண்ணே போகலாம்.

வாந்தி, ரத்தப் பேதி. வீட்டில் வேறு பூனைகளும் உண்டு.

பான்லியுகோபீனியா என்ற தொற்றும் வைரஸ் நோயாக இருக்கலாம். கைவைத்தியத்துக்கு இடமில்லை, டிரிப்ஸ் தேவைப்படும். நாய்க்கு வரும் பார்வோ வைரஸைக் கண்டறியும் சோதனைக் கிட்டிலேயே இதையும் சோதிக்கலாம் என்பதால் டாக்டரிடம் கேளுங்கள். மற்றப் பூனைகளுக்குத் தடுப்பூசி பாக்கியிருந்தால் அதையும் கேளுங்கள். குட்டிக்குத் தனி அறை, தனித் தட்டு, தனித் துணி. கிருமி ஓராண்டுகூடத் தங்கும். பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு நஞ்சு. தரையைச் சோப்பால் கழுவி, லிட்டருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அந்த அறைக்குத் தடுப்பூசி போடாத அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள்.