துறைவாரியாக வரிசைப்படுத்த ஆக்சஸ் ஏன் மறுக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையின் நூற்பட்டியலை மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் வைத்திருக்கிறேன். 'துறை' என்ற ஃபீல்டில் ஒரு நூலுக்கு இரண்டு மூன்று துறைகளை டிக் செய்யலாம். ஆனால் துறைவாரியாக வரிசைப்படுத்த முடியவில்லை. எக்செலுக்கு அனுப்பினால் எல்லாத் துறைகளும் அரைப்புள்ளியிட்டு ஒரே செல்லில் வந்து விழுகின்றன. ஒருவர் சரிசெய்து தர 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இது அரைமணி நேர வேலை.

'வரலாறு, பயணம், வாழ்க்கை வரலாறு' என்று ஒரே கட்டத்தில் நீங்கள் பார்ப்பது வெறும் தோற்றம். ஆக்சஸ் அவற்றை உங்கள் கண்ணில் படாத தனி டேபிளில் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறது. மூன்று துறை உள்ள நூலை எந்தத் துறையின் கீழ் வைப்பது? அதனால்தான் மறுக்கிறது.

முதலில் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டுவதுதான் க்வெரி. அதை உருவாக்கும் க்வெரி டிசைனில் உங்கள் டேபிளைச் சேர்த்தால், 'துறை'க்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரியும். அதை விரித்தால் உள்ளே 'துறை' புள்ளி 'வேல்யூ' என்று ஒரு வரி இருக்கும். 'துறை'யை விட்டுவிட்டு அந்த உள்வரியையும் நூல் எண், தலைப்பு ஆகியவற்றையும் கீழே இழுத்துப் போடுங்கள். ஒரு துறைக்கு ஒரு வரி என்று பிரிந்துவிடும், வரிசைப்படுத்தலாம். இந்த க்வெரியையே எக்செலுக்கு அனுப்புங்கள், டேபிளை அல்ல.

ஒன்றில் கவனம் வேண்டும். துறைப் பெயர்களை வேறொரு டேபிளிலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தால், ஆக்சஸ் உள்ளே சேமிப்பது பெயரை அல்ல, அதன் எண்ணை. திரையில் பெயர் தெரியும். எக்செலிலோ 4, 11, 7 என்று எண்கள் வரக்கூடும், அகரவரிசையும் குலையும். அப்போது துறை டேபிளையும் க்வெரியில் சேர்த்து, அதன் எண்ணை அந்த வேல்யூ வரியோடு கோடிட்டு இணைத்து, பெயரை அந்த டேபிளிலிருந்தே எடுங்கள். துறைகளை நீங்களே பட்டியலாகத் தட்டச்சு செய்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எக்செலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போட்டுப் பிரித்துவிடலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அது துறைகளைப் பக்கவாட்டில் மூன்று பத்திகளாக்கும். வரலாற்று நூல்களை மூன்று இடங்களில் தேடுவீர்கள்.

இப்போது அந்த 15,000 ரூபாய்க்காரர். இப்படிப்பட்டவர்கள் கோப்பை வாங்கிப் போய், 'ஏசிசிடிஇ' வகையாக மாற்றித் திருப்பித் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் படிவங்களையும் அறிக்கைகளையும் உங்களால் திருத்தவே முடியாது. ஒரு தலைப்பை மாற்றக்கூட மறுபடி அவரிடமே போக வேண்டும், மறுபடி பணம். யாரிடம் கொடுத்தாலும் திருத்தக்கூடிய 'ஏசிசிடிபி' கோப்பாக, கடவுச்சொல்லோடு திரும்பத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஒரே ஃபீல்டில் பலவற்றை டிக் செய்யும் வசதி ஆக்சஸின் 2007 பதிப்பில் வந்தது. ஃபீல்டை அமைக்கப் படிப்படியாக வழிகாட்டும் விஸார்டில் ஒரே ஒரு டிக்கில் இதைத் திணித்திருக்கிறார்கள். சேமித்த பிறகு அந்த டிக்கை எடுக்க வழி இல்லை. சாதாரணப் பயனாளர் எப்படி அறிவார்? எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், நூல் எண்ணையும் வேல்யூ வரியையும் மட்டும் வைத்து அதே க்வெரியை, விடையைப் புதிய டேபிளாகச் சேமிக்கும் 'மேக் டேபிள்' வகையாக்கி ஓட்டுங்கள். இனிப் புதிய துறைகளை அந்த டேபிளில் பதியுங்கள். நூல்களை எண்ணும்போது மட்டும் பழைய நூல் டேபிளையே எண்ணுங்கள். புதியதில் மூன்று துறை நூல் மூன்று முறை வரும்.