பழைய வண்டிகளை உடைத்த யார்டு இருந்த மனையைச் சுத்தம் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் முதல் நாளே ஜேசிபியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்தத் தப்பைச் செய்தவன் சொல்கிறேன்.

நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய இடத்தில் 20 வருடத்துக்கும் மேலாக கார், லாரி உடைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது இரும்பு எல்லாம் போய்விட்டது. எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, கண்ணாடித் தூள், அங்கங்கே புல், அவ்வளவுதான். மேடும் பள்ளமுமாக இருக்கிறதே என்று ஒரே நாளில் நிரவிவிட்டோம். மண் பரிசோதனை செய்தது அதற்கப்புறம். பின்சுவர் ஓரம் பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடு எடுத்த ஒரு மூலை இருந்திருக்கிறது. நாலு கட்டில் போடும் அளவு இடம்தான். அந்த மண்ணை வாரி மனை முழுக்கப் பூசிவிட்டோம். அள்ள வேண்டிய மண் பல மடங்காகப் பெருகியது இப்படித்தான்.

அதனால் முதலில் அங்கே வேலை பார்த்த யாரையாவது தேடிப் பிடியுங்கள். நாங்கள் தாமதமாகத்தான் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். செருப்புக் காலால் தரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். "ஆயில் வடிக்கிறது இங்க. ஒயரைக் கொளுத்துறது அந்தப் பக்கம், புகை ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னு." அரை மணி நேரம்தான். பிளாஸ்டிக் உறையோடு ஒயரைக் கொளுத்திய இடத்தில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கலாம். அந்தப் பரிசோதனைக்குச் செலவு அதிகம், எல்லா இடத்திலும் செய்ய முடியாது. அவர் காட்டிய இடத்தில் மட்டும் செய்தோம். டிரான்ஸ்பார்மர், பழைய கெப்பாசிட்டர் வந்து போன யார்டு என்றால் பிசிபி (அவற்றின் பழைய எண்ணெயில் இருந்த நச்சு) பரிசோதனையும் கேளுங்கள்.

எண்ணெயையும் ஈயத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். டீசல், எஞ்சின் ஆயில் இவற்றை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களே தின்னும். கறுத்த மண்ணைக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் குவித்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம் கலந்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டோம். டீசல் வாடை சில மாதங்களில் போனது. பழைய எஞ்சின் ஆயில் மெதுவாகத்தான் குறைந்தது, முழுசாகப் போகவும் இல்லை.

ஈயம் அப்படி இல்லை. எதுவும் அதைத் தின்னாது, எத்தனை வருடமானாலும் ஈயம் ஈயமாகவே கிடக்கும். சூரியகாந்தி நட்டால் உறிஞ்சிவிடும் என்று என்னிடமும் நிறையப் பேர் சொன்னார்கள். வேர் எடுப்பதே கொஞ்சம், அதுவும் தண்டுக்குப் பெரிதாக ஏறாது. கடைசியில் அந்தச் செடியையும் கழிவாகத்தான் அப்புறப்படுத்த வேண்டும். பாஸ்பேட் கலந்தால் ஈயம் கரையாத உப்பாக மாறும். நிலத்தடி நீருக்குப் போவது குறையும், மண்ணில் இருப்பது குறையாது.

சாதாரணமாக ஈயம் மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் பேட்டரி உடைத்த இடத்தில் அமிலமும் கொட்டியிருக்கும், அது ஈயத்தைக் கீழே இழுத்துப் போகும். எனவே அந்த மூலையில் 15 செ.மீ.யோடு நிறுத்தாமல், ஆழம் ஆழமாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கைக்கருவி இருக்கிறது, மண்ணில் வைத்தால் ஒரு நிமிடத்தில் ஈய அளவு காட்டும். ஈர மண்ணில் குறைத்துக் காட்டும் என்பதை ஞாபகம் வையுங்கள். எண்ணெயை அது காட்டவே காட்டாது.

கிரீஸ் கழுவும் கரைப்பான் பயன்படுத்திய யார்டு என்றால் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். குளோரின் உள்ள கரைப்பான் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்த் தங்கிவிடும். அது நிபுணர் வேலை.

ஈய மண்ணை அள்ளத் தோண்டும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்டுங்கள், பறக்கும் தூசியில்தான் ஈயம் அதிகம். அங்கே போட்ட செருப்பும் சட்டையும் வீட்டுக்குள் வரக் கூடாது, குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக. அள்ளிய பிறகு குழியின் அடியிலும் பக்கச் சுவரிலும் மறுபடி மாதிரி எடுங்கள். நிரப்பக் கொண்டுவரும் மண்ணையும் பரிசோதியுங்கள். எங்களுக்கு வந்த முதல் லோடிலேயே கட்டட இடிபாடு கிடந்தது, திருப்பி அனுப்பினோம்.

பின்சுவர் மூலையில் ஒரு ஆழத்துக்குக் கீழே எங்களால் அள்ள முடியவில்லை, அஸ்திவாரம் ஆடிவிடும் என்றார்கள். அங்கே ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வலை விரித்து, அதன் மேல் நல்ல மண் போட்டு மூடி, வரைபடத்தில் குறித்து மனைப் பத்திரத்தோடு வைத்திருக்கிறோம். போன வருடம் கம்பம் நடக் குழி தோண்டிய ஆள் அந்த வலையைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். கம்பத்தை ஆறடி தள்ளி நட்டோம்.