மத வரலாற்று ஆய்வாளர்களுக்கு: எந்தச் சங்கம், எந்த வேலை?

கேள்வி: மத வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கிறேன். கண்ணில் படும் சங்கங்களில் எல்லாம் சேர வேண்டுமா?

வேண்டாம். உங்கள் கட்டுரையைக் கேட்டுவிட்டு ‘இந்த ஆதாரம் போதாது’ என்று சொல்லக்கூடிய ஆட்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதில் சேருங்கள், இப்போதைக்கு அது ஒன்று போதும். கிறிஸ்தவ வரலாறு என்றால் 1888-ல் ஃபிலிப் ஷாஃப் தொடங்கிய அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் சர்ச் ஹிஸ்டரி இருக்கிறது, பிரிட்டனில் 1961 முதல் எக்ளீசியாஸ்டிகல் ஹிஸ்டரி சொசைட்டி. பல மதங்களை ஒப்பிடுபவர் என்றால் 1950-ல் ஆம்ஸ்டர்டாமில் உருவான சர்வதேச மத வரலாற்றுச் சங்கம். அதன் உலக மாநாடு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், அதுவரை காத்திருக்காமல் அதோடு இணைந்த தேசியச் சங்கங்களின் கூட்டங்களுக்குப் போங்கள்.

கேள்வி: அமெரிக்கன் அகாடமி ஆஃப் ரிலிஜன் மாநாட்டுக்குப் புதியவர் போகலாமா?

தாராளமாக. அது மத ஆய்வாளர்களின் அமெரிக்கச் சங்கம், அதன் மாநாடு வழக்கமாக நவம்பரில், விவிலிய ஆய்வாளர்களின் சங்கத்தோடு ஒரே ஊரில் நடக்கும், ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். பெரிய உரைகளைத் துரத்தாமல் உங்கள் தலைப்புக்கான சிறிய அமர்வில் போய் உட்காருங்கள், முப்பது பேர் இருந்தாலும் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் கட்டுரைகளைப் படிக்கப்போவது அவர்கள்தான். அப்புறம் புத்தக அரங்கு. பதிப்பாசிரியர்கள் அங்கேதான் இருப்பார்கள், ஆய்வேட்டைப் புத்தகமாக்கும் பேச்சை நேரில் தொடங்கலாம்.

கேள்வி: வரலாற்றுத் துறையா, மதவியல் துறையா? எதில் பட்டம் வாங்கினால் வேலை கிடைக்கும்?

இந்த முடிவைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலை விளம்பரங்கள் துறைவாரியாகத்தான் வரும். வரலாற்றுத் துறை உங்களை எடுத்தால் ஒரு நாட்டின் அல்லது ஒரு காலத்தின் பொது வரலாற்றையும் நீங்கள் நடத்த வேண்டியிருக்கும், நீங்கள் ஆராயும் தலைப்பு, துறவி மடங்கள் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு ஒரு பாடமாக வந்தாலே அதிகம். மதவியல் துறையோ நீங்கள் ஆராயாத மதங்களையும் சேர்த்து அறிமுகப் பாடம் நடத்தச் சொல்லும். இறையியல் கல்லூரிகளில் சில இடங்களில் நம்பிக்கை அறிக்கையில், அதாவது கல்லூரியின் மதக் கொள்கைகளை ஏற்கிறேன் என்ற உறுதிமொழியில், கையெழுத்துக் கேட்பார்கள், விண்ணப்பிக்கும் முன்பே அதை முழுசாகப் படியுங்கள், மனசாட்சிக்கு ஒவ்வாததில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பது மிகவும் கஷ்டம். ஆகவே எந்த இரண்டு பாடங்களை மகிழ்ச்சியோடு நடத்துவீர்கள் என்று இப்போதே எழுதிப் பாருங்கள், துறை தானாகத் தெரியும்.

கேள்வி: நான் நம்பிக்கையாளர். அதை மறைக்க வேண்டுமா?

தேவையில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையையும் வரலாற்றுத் தொழிலையும் சேர்த்துப் பேசவே கான்ஃபரன்ஸ் ஆன் ஃபெய்த் அண்ட் ஹிஸ்டரி என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் மதத்தின் ஆவணத்தையும் மற்றவர் ஆவணத்தையும் ஒரே கண்டிப்போடு சோதியுங்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் இதே அளவுகோல்தான்.

கேள்வி: எத்தனை மொழி வேண்டும்?

மூல ஆவணங்களின் மொழி கட்டாயம், அதோடு உங்கள் துறையின் ஆய்வுகள் அதிகம் வெளிவரும் மொழி. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி ஆய்வேடு எழுதாதீர்கள்.

கேள்வி: பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால்?

நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, அதனால் ஆய்வுக் காலத்திலேயே இதை யோசிப்பது நல்லது. மறைமாவட்ட ஆவணக் காப்பகங்கள், துறவற சபைகளின் காப்பகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள், கல்விப் பதிப்பகங்கள் எல்லாவற்றிலும் நம் படிப்புக்கு இடம் உண்டு. பழைய கையெழுத்தைப் படிக்கவும், ஆவணப் பட்டியல் தயாரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு காப்பகத்தில் சில மாதம் பயிற்சிக்குச் சேர முடிந்தால் ஆய்வேடு முடியும் முன்பே சேர்ந்துவிடுங்கள்.