எக்ஸ் கூறின் குறி மாறினால் மீளிணைப்பு ஆகிவிடுமா?

கேள்வி: முதுகலை இயற்பியல் மாணவன் நான். எம்எம்எஸ் (மீளிணைப்பை ஆராயும் நாசாவின் விண்கலத் திட்டம்) விண்கலத் தரவில், பூமியின் காந்தவாலில் (சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும் காந்தப்புலப் பகுதி) ஓரிடத்தில் காந்தப்புலத்தின் எக்ஸ் கூறு குறி மாறுகிறது, அயனி வேகமும் எகிறுகிறது. காந்த மீளிணைப்பு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். மீளிணைப்பு என்பது எதிரெதிர்த் திசைக் காந்தப்புலக் கோடுகள் அறுந்து புதிதாக இணைந்து, ஆற்றலை வெளியிடுவது. எக்ஸ் கூறு குறி மாறியது, விண்கலம் மின்னோட்டத் தாளை, அதாவது வாலின் எதிரெதிர்த் திசைப் புலங்களுக்கு நடுவே மின்னோட்டம் பாயும் அடுக்கைக் கடந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அந்தத் தாள் மீளிணைப்பு இல்லாதபோதும் மேலும் கீழும் அசையும்.

இசட் கூறைப் பாருங்கள். ஜிஎஸ்எம் ஆயங்களில் (பூமியை மையமாகக் கொண்டவை; எக்ஸ் அச்சு சூரியனை நோக்கும், இசட் அச்சு வடக்கே நோக்கும்), எக்ஸ் கோட்டுக்கு (மீளிணைப்பு நடக்கும் கோடு) பூமிப் பக்கத்தில் அயனித் தாரை (அங்கிருந்து வேகமாகப் பீறிடும் அயனி ஓட்டம்) பூமியை நோக்கிப் பாயும், இசட் கூறு நேர்க்குறியில் இருக்கும். வால் பக்கத்தில் இரண்டும் தலைகீழ். இரண்டும் சேர்ந்தே குறி மாறினால், எக்ஸ் கோடு விண்கலத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்று துணிந்து பேசலாம். ஓட்டம் வாலை நோக்கி இருந்தும் இசட் கூறு நேர்க்குறியிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். பூமிப் பக்கம் போய்த் தடுக்கப்பட்டுத் திரும்பிய ஓட்டமாகவும் இருக்கலாம். 2017 ஜூலை 11, உலக நேரம் 22:34 நிகழ்வை முதலில் வரைந்து பழகுங்கள். ஓட்டம் வால் திசையிலிருந்து பூமித் திசைக்குத் திரும்புவதும், இசட் கூறு எதிரிலிருந்து நேராவதும் அதில் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது ஒய் கூறு. பின்னணிப் புலத்தைக் கழித்தபின், பூமிப் பக்கத்தில் எக்ஸ், ஒய் கூறுகளின் பெருக்கல் நேர்க்குறியாகவும் வால் பக்கத்தில் எதிர்க்குறியாகவும் வந்தால், அது ஹால் புலம், அதாவது மீளிணைப்புப் பகுதியில் அயனிகளும் எலெக்ட்ரான்களும் வெவ்வேறாக நகர்வதால் உருவாகும் புலம். என் பார்வையில் வேகத்தைவிட இதுவே நம்பத்தக்க சாட்சி. காரணம், எம்எம்எஸ்ஸின் அயனிக் கருவி சுமார் 30 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரைதான் அளக்கும். காந்தவாலின் சூடான அயனிகளில் ஒரு பகுதி அதற்கு மேலே தப்பிவிடுவதால் வேகம் குறைவாகத் தெரியலாம். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கொண்டு நகர்வு வேகத்தைத் தனியே கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

எலெக்ட்ரான் பரவல் பகுதியை, அதாவது எலெக்ட்ரான்களும் காந்தப்புலக் கோடுகளின் பிடியிலிருந்து விடுபடும் மீளிணைப்பின் மையத்தைத் தேடும் ஆசை உங்களுக்கும் வரும். அது சில நொடிகளில் கடந்துபோகும். வழக்கமான ஃபாஸ்ட் தரவின் இடைவெளியே 4.5 நொடி, தேர்ந்தெடுத்த நேரங்களுக்கு மட்டும் கிடைக்கும் நுண்ணிய பர்ஸ்ட் தரவில் எலெக்ட்ரான்கள் 30 மில்லிநொடிக்கு ஒருமுறை, அயனிகள் 150 மில்லிநொடிக்கு ஒருமுறை. உங்கள் நேரத்துக்கு பர்ஸ்ட் தரவு இல்லையென்றால், அயனித் தாரை, ஹால் புலம் ஆகியவற்றோடு முடிவை நிறுத்திக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்கு அதுவே போதும்.